அலுமினியத் தொழிலின் ஆசான்: ஸர் ஆல்பிரட் சாட்டர்டன் சரித்திரம்

அரசர்க்கும் புலவர்க்கும் சரித்திரம் எழுதுதல் உலக வழக்கு. அடுக்களையிற் கிடக்கும் சோற்றுப் பானைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதைப் பெரும்பாலார் நினையார். அப் பானையை நம் நாட்டிற் செய்யத் தொடங்கியவர் யாவர் என்னும் வினா எமக்கும் நெடுங்காலம் தோன்றியதில்லை. தோன்றச் செய்தவர் எம் மாணாக்கர் ஒருவர்.

சென்ற ஆண்டு யாம் மாணாக்கர் சிலருடன் படப்பைக்குச் சென்றிருந்தோம். வண்டலூரினின்று வாலாஜாபாத்து நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்தது அவ்வூர். முன்னர் ஏரியும் வயலும் தோப்புமாய் விளங்கிய அச் சுற்றுப்புறம், மேற்கே ஒரகடத்தோடும் வடமேற்கே ஸ்ரீபெரும்புதூரோடும் இணைந்து, இப்பொழுது மோட்டார் வண்டித் தொழிலின் பெருநிலமாக மாறியிருக்கின்றது. அங்கே ஒரு சிறு பட்டறையில் யாம் கண்ட யந்திரமே இக் கட்டுரைக்கு வித்தாயிற்று.

அது கண்ணாடிப் பலகணி வைத்த ஓர் இரும்புப் பேழை. காற்றை அகற்றி அதனுள் ஆர்கன் என்னும் வாயுவை நிரப்பியிருந்தனர். கோலமாவினும் நுண்ணிய அலுமினியப் பொடியை ஓர் அலகு மெல்லிய படலமாகப் பரப்பிச் சென்றது. படலத்தின் கனம் 30 மைக்ரான்; தலைமயிரின் பருமனிற் பாதிக்கும் குறைவு. பின்னர் லேஸர் ஒளிக்கற்றை அப் படலத்தின்மேற் கோலமிட்டது. ஒளி பட்ட இடத்துப் பொடி உருகி மறுகணமே இறுகிற்று. உடனே மேடை ஒரு படலத்தின் அளவு தாழ்ந்தது. மீண்டும் பொடி, மீண்டும் கோலம். ஓர் அங்குல உயரம் வளர எண்ணூற்றுக்கு மேற்பட்ட கோலங்கள் வேண்டும் என்றனர். அச்சும் வார்ப்பும் இன்றி, உளியும் சுத்தியும் இன்றி, பொடிக்குள்ளிருந்து ஓர் உறுப்பு முழுதாய் எழுந்து வருவதை மாணாக்கர் வியந்து நோக்கினர்.

அப்பொழுது அவர்களுள் ஒருவர், இவ்வுலோகத் தொழிலை நம் நாட்டுக்கு முதலிற் கொணர்ந்தவர் யார் என்று எம்மை வினவினார். யாம் விடை கூற இயலாது நின்றோம். அந் நாணமே எம்மைப் பழைய ஏடுகளின்பாற் செலுத்திற்று. யாம் கண்ட விடையை ஈண்டுச் சுருக்கமாய் எழுதுகின்றோம்.

பிறப்பும் வருகையும்

ஆல்பிரட் சாட்டர்டன் 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தவர். இலண்டனில் பின்ஸ்பரி தொழிற்கல்லூரியிலும், பின்னர் தென் கென்ஸிங்டனிலும் பொறியியல் கற்றார். 1888-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதளவில், சென்னைப் பொறியியற் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். அக் கல்லூரி அந்நாளிற் சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்கு மாறியது 1920-ஆம் ஆண்டிலேயாகும்.

பாலமும் சாலையும் கட்டுதற்குரிய கணக்குகளைக் கற்பிப்பதே அவர் ஏற்ற பணி. ஆயினும் அன்னாரின் நாட்டம் வகுப்பறையோடு நிற்கவில்லை. கிணற்றுநீரை உழவர் இறைக்கும் முறை, நெசவாளர் தறி, தோல் பதனிடுவோர் தொட்டி, கன்னார் உலைக்களம் ஆகியவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கினார். நாட்டார் கைத்தொழில்கள் சீமைச் சரக்கின் முன் தளர்ந்து வந்த காலம் அது. அத் தளர்ச்சியைத் தொழிற்கல்வி கொண்டே மாற்றலாம் என்பது அவர் கொள்கையாயிற்று.

பாடசாலையிற் பிறந்த தொழில்

சென்னைக் கலைத்தொழிற் பாடசாலை 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியரால் தம் சொந்த முயற்சியில் தொடங்கப்பெற்று, 1855-இல் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. இன்று எழும்பூருக்கு அண்மையில் அரசினர் கவின்கலைக் கல்லூரியாய் விளங்குவது அதுவே. அதன் தலைவராயிருந்த ஹாவெல் 1896-இற் கல்கத்தாவுக்குச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் அப் பாடசாலையின் பொறுப்பு சாட்டர்டனிடம் வந்தது. ஹாவெல் சிற்பத்திலும் சித்திரத்திலும் மனம் வைத்தவர். சாட்டர்டனோ அப் பட்டறைகளைப் பிழைப்புத் தரும் தொழில்களுக்கு நாற்றங்காலாக்க விழைந்தார்.

அலுமினியத்தின் வரலாற்றை இவ்விடத்துச் சிறிது கூறுதல் வேண்டும். மண்ணில் மிகுதியாய்க் கலந்திருப்பினும், அதனைப் பிரித்தெடுத்தல் அரிதாயிருந்தமையால் ஒரு காலத்தில் அது விலையுயர்ந்த பொருள்களோடு எண்ணப்பட்டது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹால் என்பவரும் பிரெஞ்சுக்காரரான எரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதனைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் விலை விரைந்து வீழ்ந்தது. வீழ்ந்த விலையில் இந்திய ஏழையின் அடுப்புக்கு ஒரு வழி திறந்திருப்பதை உணர்ந்தவர் சாட்டர்டன்.

அந்நாளில் நம் வீடுகளில் மட்பாண்டத்திற்கு அடுத்தபடி வழங்கியவை பித்தளையும் செம்புமே. அவற்றின் விலை மிகுதி. பித்தளையிற் புளி பட்டாற் களிம்பேறும். அதனைத் தடுக்க அடிக்கடி ஈயம் பூசவேண்டும். அலுமினியத்தின் நிறை பித்தளையின் நிறையில் மூன்றிலொரு பங்கு; ஈயப்பூச்சும் வேண்டுவதில்லை. புளியும் உப்பும் நெடுநேரம் தங்கினால் அதனையும் அரிக்கும் என்பது உண்மையே. எனினும் அன்றாடச் சமையலுக்கு அது ஏற்ற பாத்திரமாகவே கருதப்பட்டது.

1898-ஆம் ஆண்டில் அப் பாடசாலையிலேயே அலுமினியப் பாத்திரம் செய்தல் தொடங்கிற்று. இந்தியாவில் இத் தொழிலுக்குத் தொடக்கம் அதுவே. தகடுகள் கடல் கடந்து வந்தன. அவற்றைப் பாத்திரமாக்கிய கைகள் சென்னைக் கைகள். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய தொழிலாளர்க்கே புதிய உலோகம் கற்பிக்கப்பட்டது.

கற்பித்தல் எளிதன்று என்பதை உலோகத்தின் இயல்பறிந்தோர் உணர்வர். பித்தளைத் தகட்டின் விளிம்புகளைப் பற்றாசு இட்டுப் பொருத்துவது கன்னார்க்குக் கைவந்த வித்தை. அலுமினியமோ காற்றுப் பட்ட மாத்திரத்தில் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடுத் தோலைப் போர்த்துக்கொள்ளும். அத் தோல் கண்ணுக்குத் தெரியாது; ஆனாற் பற்றாசைப் பற்றவிடாது. ஆகவே ஒரே தகட்டை அடித்து அடித்துக் குழியாக்கல் வேண்டும். அல்லது ஆணி கடாவி இணைத்தல் வேண்டும். பழைய சுத்தி உதவும். பழைய பழக்கத்திற் பாதி உதவாது. எதனை மறத்தல் வேண்டும், எதனைப் போற்றுதல் வேண்டும் என்று தெரிந்து கற்பித்தலே ஆசிரியன் தொழில். சாட்டர்டன் அதனைச் செய்தார்.

1900-ஆம் ஆண்டில் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் கூட்டுறவு சென்னையில் ஏற்பட்டது. பெயர்பெற்ற பாரிஸ்டர் எயர்ட்லி நார்ட்டன் அதற்கு ஊக்கமளித்தவருள் ஒருவர். 1903-இல் அரசாங்கம் தன் அலுமினியப் பகுதியைக் கம்பெனிக்கு விற்று விலகிக்கொண்டது. முதல் நட்டத்தைப் பொதுப்பணம் தாங்கும். தொழில் காலூன்றியதும் அதனைத் தனியாரிடம் விட்டு, அரசாங்கம் அடுத்த தொழிலை நாடும். சாட்டர்டன் மேற்கொண்ட முறை இதுவேயாம்.

தோலும் நீரும் தறியும்

அலுமினியத்தை விட்ட கை ஓய்ந்திருக்கவில்லை. 1903 முதல் அதே பாடசாலையிற் குரோம் முறையால் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல் நீரில் ஊறினால் விரைவிற் கெடும்; குரோம் தோல் நீரைத் தாங்கும். கவலையிறைக்கும் சாலுக்கு நெடுநாள் உழைக்கும் தோல் வேண்டும் என்பதும் அவர் கருத்திலிருந்தது. ஆகவே ஆய்வுக்கூடத்தின் வேலை உழவன் கிணற்றடியிற் சென்று முடிந்தது.

அக் கிணற்றடிக்கு எண்ணெய் யந்திரத்தையும் கொண்டு சென்றார். செங்கற்பட்டு ஜில்லாவில், செங்கற்பட்டுக்கு வடக்கே மெல்ரோஸாபுரம் என்னும் ஊர் உண்டு. ஸ்காட்லாந்து மிஷன் சங்கத்தார் அமைத்த உழவர் குடியிருப்பு அது, படப்பையிலிருந்து நெடுந்தொலைவன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் யந்திரத்தாற் கிணற்றுநீர் இறைக்கும் முதற் சோதனைகள் அவ்வூரில் நிகழ்ந்தன. மாட்டினால் இறைக்கும் நீருக்கும் யந்திரத்தால் இறைக்கும் நீருக்கும் ஆகும் செலவை ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். பின்னர் இராசதானியெங்கும் பரவிய பம்புகளுக்கு அச் சோதனைகள் வழிகாட்டின. இன்று ஆயிரக்கணக்கான யந்திரங்கள் முழங்கும் ஒரு நிலப்பரப்பின் அருகே, ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறு யந்திரத்தைச் சுற்றி உழவர் ஐயத்தோடு நின்றதை நினைக்கும்போது எம்முள்ளம் நெகிழ்கின்றது.

எல்லா முயற்சியும் பலித்தன என்று கூறுதற்கில்லை. 1906-இற் சேலத்தில் ஒரு நெசவுச்சாலை தொடங்கினார். விசைத்தட்டு நாடா பூட்டிய கைத்தறிகளில் நெசவாளர் ஒரே கூரையின்கீழ்க் கூடி நெய்தால் ஆக்கம் பெருகும் என்பது அவர் கணக்கு. தம் வீட்டிலே மனைவி மக்கள் உதவியோடு நெய்து பழகிய நெசவாளர்க்கு, மணியடித்தால் வந்து மணியடித்தாற் போகும் வாழ்வு பொருந்தவில்லை. சாலையில் ஆள் நிலைக்கவில்லை. உலோகத்தின் இயல்பை அறிந்தவர்க்கு மனிதரின் இயல்பு கடினமாயிற்று.

வந்த தடை

1908-இல் உதகமண்டலத்திற் கூடிய தொழில் மகாநாடு, சென்னை இராசதானிக்குத் தனித் தொழிற்பகுதி வேண்டுமென்று கூறிற்று. சாட்டர்டன் அதன் டைரக்டரானார். ஆனால் அப்பொழுதே எதிர்ப்பும் முற்றியிருந்தது. அரசாங்கம் வரிப்பணத்தைக் கொண்டு வாணிகம் நடத்துகின்றது என்று ஐரோப்பிய வர்த்தகர் முறையிட்டனர். 1910-ஆம் ஆண்டு இந்தியா மந்திரி மார்லி பிரபு அம் முறையீட்டை ஏற்றார். அரசாங்கம் தொழிற்கல்வி கற்பிக்கலாம், செய்தி அறிவிக்கலாம். தானே தொழில் நடத்திக் காட்டலாகாது என்று தீர்ப்பாயிற்று. சேலத்துச் சாலை மூடப்பட்டது. குரோம் தோற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் திட்டத்தை ஆங்கிலேய மந்திரியே முறித்தார். சுதேசிப் பற்றுடைய இந்தியத் தலைவர்களோ அத் திட்டத்தின் பக்கம் நின்றனர். இவ் விந்தையை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பிற்கால வாழ்வு

1912-இற் சாட்டர்டன் மைசூர் சென்று அச் சமஸ்தானத்தின் தொழிற்பகுதிக்குத் தலைவரானார். விசுவேசுவரையர் அங்கே திவானாயிருந்த காலம் அது. மைசூர்ச் சந்தன எண்ணெய்த் தொழில் 1916-இல் உருப்பெற்றபோது அத் துறையை நடத்தியவர் இவரே. அவ்வாண்டு அமைந்த இந்தியத் தொழிற் கமிஷனில் அங்கத்தினராய் அமர்ந்தார். கமிஷன் 1918-இல் வெளியிட்ட அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் முன்னின்று ஈடுபடவேண்டும் என்று வற்புறுத்திற்று. எட்டாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட கொள்கை இவ்வாறு மீண்டும் தலைநிமிர்ந்தது. 1919-இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. தொழில்களுக்கு அரசாங்கம் கடனுதவி செய்தற்குச் சென்னைச் சட்டசபை 1922-இல் ஒரு சட்டமும் இயற்றிற்று. பின்னர் இங்கிலாந்து சென்று வாழ்ந்த சாட்டர்டன், தொண்ணூறு வயதைக் கடந்து 1958-இற் காலமானார். தாம் சென்னையில் நட்ட செடி சுதந்திர இந்தியாவில் மரமாவதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

குணமும் குறையும்

சரித்திரம் எழுதுவோர் புகழ்ச்சியோடு நிற்றல் முறையன்று. அலுமினியம் வந்ததால் ஏழை வீட்டிற்கு உலோகப் பாத்திரம் எட்டும் பொருளாயிற்று, இது பெருநன்மை. அதே காரணத்தாற் பித்தளையை நம்பிய கன்னார் குடும்பங்கள் பல நலிந்தன. ஈயம் பூசுவோரின் குரல் தெருக்களில் அருகிற்று. அத் தொழிலாளர்க்கே புதிய தொழில் கற்பிக்கச் சாட்டர்டன் முயன்றார் என்பது அவர் பெருமை. ஆனாற் கற்றவர் கூலியாளராயினர். தகடும் யந்திரமும் முதலும் உடையவரே உரிமையாளராயினர். தம் உலைக்குத் தாமே எசமானராயிருந்தவர் பிறர் உலையில் நின்றனர். சாட்டர்டன் தொழிலைக் கற்பித்தார். தொழிலுடைமைக்கு வழி செய்தல் அவர் கைக்கு எட்டவில்லை. அக் குறை அவர் ஒருவருடையதென்று யாம் கூறோம். ஆயினும் அதனை மறைத்தல் தகாது. ஏனெனில் அவ்வினா இன்றும் தீரவில்லை.

உலோகம் மாறவில்லை

சாட்டர்டன் காலத்தில் உலோகத் தகடு வெளிநாட்டினின்றே வந்தது. 1943-இல் ஆலுவாயிலும், 1965-இல் நம் மேட்டூரிலும் அலுமினியம் உருக்கி எடுக்கப்பட்டது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் மேட்டூருக்குக் கனியம் தந்தன. மேட்டூர் உலை 2008-இல் நின்றுபோயிற்று. எனினும் படப்பை, ஒரகடச் சாலைகளில் ஓடும் மோட்டார்ப் பகுதிகளில் வார்ப்பலுமினியம் எங்கும் உண்டு.

யாம் முதலிற் கூறிய லேஸர் முறை, 1990-களில் ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பிரான்ஹோபர் ஆய்வுக்கூடத்தாரால் உருப்பெற்றது. அவ் யந்திரத்தின் முன்னும் அலுமினியம் தன் பழைய பிடிவாதத்தையே காட்டுகின்றது. சென்னைக் கன்னாரை வருத்திய அதே ஆக்ஸைடுத் தோல், இங்கே ஒவ்வொரு பொடித்துகளையும் போர்த்து, உருகிய துளிகள் ஒன்றோடொன்று கலப்பதைத் தடுக்கின்றது. பானைக்குச் சிறப்பாகிய வெப்பக்கடத்தல் இங்கே இடையூறு. லேஸர் தரும் வெப்பம் உருகுமிடத்தில் நில்லாது ஓடிவிடுகின்றது. பளபளப்பும் பகையாகின்றது, ஒளியின் பெரும்பகுதியை அவ்வுலோகம் திருப்பி அனுப்பிவிடுகின்றது. பொடியில் ஈரம் படிந்தாலோ, அதிலுள்ள ஹைட்ரஜன் உறுப்பினுள் நுண்துளைகளாய்த் தங்கும். கடற்காற்று வீசும் சென்னைப் புறத்தில் பொடியை உலர்த்திக் காத்தலே ஒரு தனிக்கலை. அப் பொடி தீப்பற்றி வெடிக்கவும் வல்லது.

இவற்றிற்கு மருந்து கலவையில் இருக்கின்றது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிகானும், அரைப் பங்கினும் குறைந்த மக்னீஸியமும் சேர்த்தால் உலோகம் இளகி ஓடும், இறுகும்போது வெடிப்புறாது. இம் முறையில் மிகுதியும் வழங்குவது இக் கலவையே. விமானங்களுக்குரிய வலிய கலவைகள் லேஸரில் வெடித்துக் கொண்டிருந்தன. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸிர்கோனியத்தின் மிக நுண்ணிய துகள்களைப் பொடியிற் சேர்த்து அவ் வெடிப்பையும் தடுத்துக் காட்டினர்.

ஆயிரமாயிரமாய்ச் செய்யவேண்டிய உறுப்புக்கு வார்ப்பே இன்றும் மலிவு. உள்ளே வளைந்தோடும் குளிர்நீர் வழி வேண்டுமாயின், அல்லது சில உறுப்புகளே வேண்டுமாயின், லேஸர் வெல்லும். இதன் ஆற்றலை 2024-ஆம் ஆண்டு நம் நாடே கண்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ராக்கெட் எஞ்சின் ஒன்றை நிக்கல் கலவையில் இம் முறையாற் செய்து சோதித்தனர். முன்னர்ப் பதினான்கு உறுப்புகளாயிருந்தது ஒரே உறுப்பாயிற்று. 19 பற்றுகள் ஒழிந்தன. 565 கிலோ உலோகம் வேண்டிய இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே உறுப்பாய் அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுத்தது.

முடிவுரை

நம் கல்லூரியிற் பயின்று அப் பெருவழியில் ஊழியம் செய்யும் பழைய மாணாக்கரும், நாளை அங்குச் செல்லவிருக்கும் இளைஞரும் இச் சரித்திரத்திலிருந்து கொள்ளத்தக்கது யாது? புதிய யந்திரம் விலைக்குக் கிடைக்கும். அதனை அறிந்த கை விலைக்குக் கிடைப்பதரிது. அக் கையை உண்டாக்கச் சாட்டர்டன் ஒரு பாடசாலையின் பட்டறையைத் தேர்ந்தார். நம் பாடசாலைகளும் அவ்வாறு தம் பட்டறைகளைத் திறத்தல் வேண்டும். அதனோடு, அவர் காலத்தில் விடுபட்டுப்போன பங்கையும் நாம் நிறைத்தல் வேண்டும்; கற்ற கைக்குத் தொழிலில் உரிமையும் கிட்டுதல் வேண்டும்.

படப்பையில் யாம் கண்ட அவ் யந்திரத்தை இயக்கியவர் பாலிடெக்னிக்கிற் கற்ற ஓர் இளைஞர். பொடியைச் சலித்து, உலர்த்தி, அளந்து இடும் பக்குவத்தை எம் மாணாக்கர்க்குப் பொறுமையோடு விளக்கினார். அவருடைய பாட்டனார் காஞ்சீபுரத்திற் பாத்திரம் அடித்தவராம். யந்திரம் தமக்குச் சொந்தமாகும் நாள் வருமோ என்று அவர் எம்மைக் கேட்டார். முதல் வினாவுக்கு விடை தேடி இக் கட்டுரையை எழுதினோம். இந்த இரண்டாம் வினாவுக்கு விடை எழுதவேண்டியவர் இதனைப் படிக்கும் மாணாக்கரேயாவர்.